ரேவ் ஆண்டிவைரஸ்: வாங்கியவுடன் நிறுத்தப்பட்ட ஒரு மென்பொருள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பெரிய நிறுவனம் ஒன்று சின்னப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தை வாங்கிவிட்டது என்று செய்தி வந்தால், பேச்செல்லாம் விலையைச் சுற்றியே போகும். அந்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்பதை எழுதி வைப்பவர்கள் குறைவு. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் இயங்கிய ஜெகாட் சாஃப்ட்வேரின் தயாரிப்பு ரேவ். அதன் ஆண்டிவைரஸ் தொழில்நுட்பத்தை 2003ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அந்த நிகழ்வை இங்கே வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நிறுவனங்களின் பெயர்கள் ஊரறிந்தவை. ஆட்களை மட்டும் பெயரில்லாமல், செய்த வேலையை வைத்தே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

அந்தக் காலத்தில் வைரஸ் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வந்தது. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ', 2001ல் நிம்டா என்று வரிசையாக வந்தன. நோய் பிடிப்பது விண்டோஸ் கணினிக்கு. ஆனால் அஞ்சல் முதலில் வந்து இறங்கும் சர்வர் பல இடங்களில் லினக்ஸ் அல்லது ஃப்ரீபிஎஸ்டி. நூறு மேசைகளில் இருக்கும் நூறு ஆண்டிவைரஸ்களையும் தினமும் அப்டேட்டாக வைத்திருப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் லினக்ஸ் சர்வரிலேயே ஒரு ஸ்கேனரைப் போட்டு, விண்டோஸ் வைரஸை அங்கேயே மடக்குவது அட்மின்களின், அதாவது சர்வரை நிர்வகிப்பவர்களின், வழக்கமாக இருந்தது.

ரேவ் அந்த இடத்தில் பேர் வாங்கிய மென்பொருள். சென்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ், க்யூமெயில் என்று புழக்கத்திலிருந்த அஞ்சல் சர்வர்களோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே வரும் கடிதத்தின் அட்டாச்மெண்டைப் பிரிக்கும், ஜிப்புக்குள் ஜிப் இருந்தால் அதையும் பிரிக்கும், வைரஸ் இருந்தால் சுத்தம் செய்யும் அல்லது நிறுத்தி வைக்கும். இதையெல்லாம் வேறு நிறுவனங்களும் செய்தன. ரேவின் தனிச்சிறப்பு அதன் லைசென்ஸ் கணக்கு. மற்றவர்கள் அஞ்சல் பெட்டிக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். ரேவ் டொமைனுக்கு (அஞ்சல் முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயருக்கு) இவ்வளவு என்று வாங்கியது. ஒரே டொமைனில் ஐயாயிரம் பேருக்கு அஞ்சல் கொடுக்கும் ஓர் ஐஎஸ்பிக்கோ (இணையச் சேவை நிறுவனத்துக்கோ) பல்கலைக்கழகத்துக்கோ இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை. பின்னால் நடந்ததில் பாதி வலி இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்தது.

வாங்கியவர் பக்கம் நிலைமை வேறு. 1993ல் எம்எஸ்-டாஸ் 6 வெளிவந்தபோது மைக்ரோசாஃப்ட் அதோடு ஓர் ஆண்டிவைரஸைச் சேர்த்துத் தந்தது. அது சொந்தச் சரக்கு இல்லை; சென்ட்ரல் பாயிண்ட் என்ற நிறுவனத்திடம் பெற்றது. அடுத்த வருடமே சென்ட்ரல் பாயிண்டை சிமான்டெக் வாங்கிக்கொண்டது. ஆக, சின்னப் பாதுகாப்பு நிறுவனத்தைப் பெரியவர் வாங்கினால் அதை நம்பியிருந்தவர் பாடு எப்படி இருக்கும் என்பதை மைக்ரோசாஃப்ட் தானே ஒருமுறை பார்த்திருந்தது. அதன் பிறகு பல வருடங்கள் அந்தத் துறையை மற்றவர்களிடமே விட்டிருந்தது.

2001ல் கோட் ரெட், நிம்டா இரண்டும் வந்து போன பிறகு அந்தப் போக்கு மாறியது. 2002 ஜனவரியில், இனிப் புதிய வசதிகளைவிடப் பாதுகாப்புக்கே முதலிடம் என்று நிறுவனத் தலைமை எல்லா ஊழியர்களுக்கும் மடல் அனுப்பியது. ஒரு வருடம் கழித்து, 2003 ஜனவரி 25 அன்று, மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் ஓட்டையைப் பயன்படுத்தி ஸ்லாமர் என்ற புழு (தானாகவே பரவும் வைரஸ்) கிளம்பியது. அகப்படக்கூடிய சர்வர்களில் பெரும்பாலானவற்றை அது பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம், அதாவது பேட்ச், ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது, போடத்தான் ஆளில்லை. பேட்ச் மட்டும் போதாது, ஆண்டிவைரஸும் கையில் வேண்டும் என்று மைக்ரோசாஃப்டின் தலைமையகமான ரெட்மண்டில் முடிவெடுத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடத் தேவையில்லை.

2003 ஜூன் 10

அன்று வந்த அறிவிப்பின் சாரம் இதுதான்: ஜெகாட் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துகளையும் தொழில்நுட்பத்தையும் மைக்ரோசாஃப்ட் வாங்குகிறது. ரேவ் தயாரிப்பு வரிசை நிறுத்தப்படும். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஆதரவு தொடரும். விலை வெளியிடப்படவில்லை.

இதில் எதை வாங்குகிறார்கள் என்று சொன்ன இடத்தைத்தான் அட்மின்கள் முதலில் படித்திருக்க வேண்டும். நிறுவனத்தை வாங்குவதாக அறிவிப்பு சொல்லவில்லை. நிறுவனத்தை வாங்கினால் அதன் வாடிக்கையாளர், ரீசெல்லர், நிலுவை, வாக்குறுதி எல்லாம் சேர்ந்து வரும். இங்கே வாங்கப்பட்டது எஞ்சின், அதாவது வைரஸைக் கண்டுபிடிக்கும் மையப் பகுதி. அந்த எஞ்சினை எழுதத் தெரிந்தவர்களில் ஒரு பகுதியினர் ரெட்மண்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். வாடிக்கையாளர் பட்டியல் யாருக்கும் தேவைப்படாமல் புக்கரெஸ்டிலேயே நின்றது.

கவனித்தவை

அன்று ரேவ் ஓடிக்கொண்டிருந்த சர்வர் எதுவும் மறுநாள் நின்றுவிடவில்லை. சிக்னேச்சர் (ஒவ்வொரு வைரஸையும் அடையாளம் காட்டும் குறிப்பு) அப்டேட் வழக்கம்போல் இறங்கியது. இந்த மாதிரி நிகழ்வுகளில் ஏமாற்றும் அம்சம் இதுதான். எதுவும் உடையாததால் அவசரம் தெரியாது. ஒப்பந்தத்தில் பத்து மாதம் மிச்சம் இருந்தவர் பத்து மாதம் இருக்கிறதே என்று நினைப்பார். ஆனால் ஆண்டிவைரஸ் என்பது எழுதி முடித்த பொருள் இல்லை. தினமும் யாரோ உட்கார்ந்து புது வைரஸைப் பிரித்துப் பார்த்தால்தான் அது ஆண்டிவைரஸ். எழுதுகிறவர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள் என்று பொதுவில் அறிவித்துவிட்ட பிறகு, மிச்சமிருக்கும் மாதங்களின் தரத்தைக் காலண்டரை வைத்து அளக்க முடியாது.

இன்னொன்று. விண்டோஸ் பயனாளருக்கும் இதனால் உடனடி லாபம் கிடையாது. மைக்ரோசாஃப்ட் பெயரில் முழு ஆண்டிவைரஸ் கடைக்கு வர இன்னும் மூன்று வருடம் இருந்தது. நடுவில் இருந்த காலத்தில் ஒரு நல்ல ஸ்கேனர் சந்தையிலிருந்து குறைந்தது, அவ்வளவுதான்.

லினக்ஸ் வட்டாரத்தில் அப்போது எழுந்த சந்தேகத்தையும் பதிவு செய்ய வேண்டும். லினக்ஸ் அஞ்சல் சர்வர்களைப் பலவீனப்படுத்தத்தான் இதை வாங்கினார்கள் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. லினக்ஸுக்கு அப்போதே வேறு ஸ்கேனர்கள் இருந்தன. ஒன்றை மூடினால் கடை காலியாகாது. வேண்டியது எஞ்சின், லினக்ஸ் பதிப்பு அதற்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டது என்பதே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இரண்டு வருடம் கழித்து இதே மாதிரி இன்னொன்று நடந்தது. அது கீழே வருகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

விற்றவர் முடிவைப் புரிந்துகொள்வது எளிது. உலகச் சந்தையில் சிமான்டெக், மெக்காஃபி, ட்ரெண்ட் மைக்ரோ ஆகியவற்றோடு விளம்பரத்தில் மோத புக்கரெஸ்ட் நிறுவனத்துக்கு வழியில்லை. அதே நகரத்தில் பிட்டிஃபெண்டரும் வளர்ந்துகொண்டிருந்தது. நல்ல விலைக்கு ஆள் வந்தால் கொடுப்பதில் தவறில்லை. வேடிக்கை என்னவென்றால், ஜெகாட் குழுமம் அதோடு தொழிலை விட்டுவிடவில்லை. பின்னர் அவர்களிடமிருந்து வந்த ஒரு தயாரிப்பு ஆக்சிஜென்; அது லினக்ஸில் ஓடும் மெயில் சர்வர்.

அட்மின்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. ஒப்பந்தம் முடியும்வரை ரேவிலேயே இருப்பது முதல் வழி. அதன் குறையை மேலே சொல்லிவிட்டேன். சோஃபோஸ், காஸ்பர்ஸ்கி, எஃப்-ப்ராட், பிட்டிஃபெண்டர் போன்ற இன்னொரு கட்டண ஸ்கேனருக்கு மாறுவது இரண்டாவது. பெட்டிக் கணக்கில் விலை கேட்கும் இடத்துக்குப் போனால், டொமைன் கணக்கில் பட்ஜெட் போட்டவர் நிதிப் பிரிவில் போய் நிற்க வேண்டியதுதான். மூன்றாவது வழி கிளாம்ஏவி. போலந்தில் ஒருவர் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்த, யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் வரும் இலவச ஸ்கேனர் அது. அமாவிஸ் போன்ற இணைப்பு மென்பொருள் வழியாக அதை அஞ்சல் சர்வரோடு சேர்க்கலாம். சிக்னேச்சர் எண்ணிக்கையில் அது கட்டண ஸ்கேனர்களின் பக்கத்தில் வராது. மேக்ரோ வைரஸை வெட்டி ஆவணத்தைக் காப்பாற்றும் வேலையும் அதற்குத் தெரியாது.

ஆனாலும் அஞ்சல் வாசலுக்குக் கிளாம்ஏவி போதும் என்று கணக்குப் போட்டவர்கள் சரியாகவே கணக்குப் போட்டார்கள். அஞ்சல் புழு ஒன்று பரவும்போது ஒரே கோப்பு லட்சக்கணக்கில் வரும். பத்து வருடப் பழைய டாஸ் வைரஸ் எல்லாம் பட்டியலில் இருக்கிறதா என்பது அங்கே முக்கியமில்லை. இன்று காலை கிளம்பியதற்கு இன்று மதியத்துக்குள் சிக்னேச்சர் வருகிறதா என்பதுதான் முக்கியம். உலகம் முழுக்க மாதிரிகளை அனுப்பும் ஆட்கள் இருந்ததால் அந்த வேகம் கிளாம்ஏவியிடம் இருந்தது. கட்டண ஸ்கேனர் வாங்க முடிந்தவர்களில் சிலர் அமாவிஸில் இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டார்கள்.

ஆகஸ்ட் மாதம்

முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மாதம். ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் வந்தது. அது அஞ்சலில் வராமல் நெட்வொர்க் வழியே நேராக விண்டோஸுக்குள் நுழைந்தது. அதன் கோடுக்குள்ளே (நிரலுக்குள்ளே), பணம் சம்பாதிப்பதை விட்டுவிட்டு மென்பொருளைச் சரி செய் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனருக்கு ஒரு வரி எழுதியிருந்தது. அடுத்த வாரம், 18, 19 தேதிகளில், சோபிக்-எஃப் கிளம்பியது. இது அசல் அஞ்சல் புழு. செப்டம்பர் 10 அன்று தானாகவே நின்றுகொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. அதுவரை அஞ்சல் வரிசைகள் நிரம்பி வழிந்தன.

வைரஸோடு சேர்த்து இன்னொரு தொல்லையும் அப்போது வெளிப்பட்டது. சோபிக் அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட்டது. உங்கள் கடிதத்தில் வைரஸ் இருக்கிறது என்று அனுப்புநருக்குப் பதில் எழுதும் வசதி பல ஸ்கேனர்களில் இயல்பாகவே திறந்திருந்தது. அந்த எச்சரிக்கைகளெல்லாம் சம்பந்தமே இல்லாதவர்களுக்குப் போய்க் குவிந்தன. ஸ்கேனர் மாற்றும்போது பழைய அமைப்புகளை அப்படியே கொண்டுபோனவர்கள் இந்தத் தொல்லையையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள்.

அடுத்து வந்த இரண்டு கொள்முதல்கள்

2004 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நியூயார்க்கின் ஜயண்ட் கம்பெனி சாஃப்ட்வேர் என்ற ஸ்பைவேர் (கணினியை வேவு பார்க்கும் மென்பொருள்) தடுப்பு நிறுவனத்தை வாங்கியது. மூன்று வாரத்தில், 2005 ஜனவரி 6 அன்று, அதன் தயாரிப்பு மைக்ரோசாஃப்ட் பெயரில் பீட்டாவாக வந்துவிட்டது. இந்த இடத்தில்தான் இந்த ஆய்வின் மிகப் பயனுள்ள விவரம் இருக்கிறது. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த சன்பெல்ட் சாஃப்ட்வேர், ஜயண்டோடு ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டு, அதே கோடில் கவுண்டர்ஸ்பை என்ற பெயரில் தன் தயாரிப்பை விற்றுக்கொண்டிருந்தது. ஜயண்டை யார் வாங்கினாலும் அந்த ஒப்பந்தம் செல்லும். அதனால் 2007 ஜூலை வரை ஸ்பைவேர் சிக்னேச்சர்களை ஒரு போட்டியாளருக்கு மைக்ரோசாஃப்ட் கொடுக்க வேண்டி வந்தது. சன்பெல்ட் அந்தக் காலத்தை வீணாக்கவில்லை. சொந்த எஞ்சின் ஒன்றை எழுதி, 2008ல் வைப்பர் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ரேவ் வாடிக்கையாளர்களும் சன்பெல்ட்டும் ஒரே வாங்குபவரைத்தான் எதிர்கொண்டார்கள். ஒருவரிடம் இருந்தது சந்தா. இன்னொருவரிடம் இருந்தது கோட் மீதான உரிமையும் தேதி போட்ட கடமையும்.

2005 பிப்ரவரியில் சைபரி சாஃப்ட்வேரை வாங்குவதாக அறிவிப்பு வந்தது. பல நிறுவனங்களின் எஞ்சின்களை ஒரே நேரத்தில் ஓட்டி அஞ்சல் சர்வரைக் காக்கும் ஆன்டிஜென் அவர்களுடையது. ஜூனில் வாங்கி முடிந்ததும் யூனிக்ஸ், லினக்ஸ் பதிப்புகளின் புது விற்பனை நிறுத்தப்பட்டது. ரேவ் விஷயத்தில் தற்செயல் என்று சொன்னவர்கள் இங்கே அதே வார்த்தையைச் சொல்வது கடினம். கெட்ட எண்ணம் என்றும் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் விற்கும் நிறுவனம் லினக்ஸுக்கு ஆதரவுப் பிரிவு நடத்தப்போவதில்லை என்பது 2005ல் யாருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்கக் கூடாது.

விளைவு

புக்கரெஸ்ட் எஞ்சினின் வழிவந்த தொழில்நுட்பம் 2006 மே 31 அன்று விண்டோஸ் லைவ் ஒன்கேர் என்ற பெயரில் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. மூன்று கணினிகளுக்கு வருடம் 49.95 டாலர். போட்டியாளர்கள் விலையைக் குறைக்க வேண்டியிருந்தது. தரத்தில் அவர்கள் பயப்பட எதுவும் இல்லை. 2007 பிப்ரவரியில் ஆண்டிவைரஸ்களைச் சோதிக்கும் அமைப்பான ஏவி-கம்பாரட்டிவ்ஸ் நடத்திய சோதனையில் ஒன்கேர் 82.4 சதவீதம் கண்டுபிடித்து, 17 தயாரிப்புகளில் கடைசி இடம் பிடித்தது. அதே காலத்தில் வந்த ஒரு கோளாறு இன்னும் மோசம். அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பில் ஒரே ஒரு கடிதத்தில் வைரஸ் தென்பட்டாலும் கோப்பு முழுவதையும் ஒன்கேர் ஒதுக்கிவிட்டது. பயனாளரின் பல வருட அஞ்சல் ஒரே கோப்பில் இருக்கும். திறந்து பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

நல்ல எஞ்சினை வாங்கியவர் நாலு வருடம் கழித்துக் கடைசி இடத்துக்கு ஏன் வந்தார்? என் கணிப்பு இது. எஞ்சின் கைமாறிவிடும். தினமும் மாதிரி சேகரித்து, பிரித்து, சிக்னேச்சர் எழுதி அனுப்பும் ஆய்வகம் அப்படிக் கைமாறாது; அதைப் புது இடத்தில் ஆளெடுத்துக் கட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் பின்னர் அதைக் கட்டியது. 2008 நவம்பரில் ஒன்கேரைக் கைவிடுவதாக அறிவித்து, 2009 செப்டம்பரில் இலவசமாக செக்யூரிட்டி எசென்ஷியல்ஸை வெளியிட்டது. 2012ல் விண்டோஸ் 8ல் அது டிஃபெண்டர் என்ற பெயரில் கூடவே வந்தது. இன்று விண்டோஸ் கணினி வாங்குகிற எவரும் தனியாக ஆண்டிவைரஸ் வாங்காமல் இருக்க முடிவதற்குப் பின்னால் அந்த 2003 கொள்முதலும் ஒரு பங்கு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

கிளாம்ஏவிக்குப் போனவர்கள் கதை நேராக முடியவில்லை. 2007 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தின் பெயர், டொமைன், முக்கியப் பங்களிப்பாளர் ஐந்து பேரிடம் இருந்த பதிப்புரிமை எல்லாவற்றையும் சோர்ஸ்ஃபயர் என்ற பாதுகாப்பு நிறுவனம் வாங்கியது. 2013ல் சோர்ஸ்ஃபயரையே 270 கோடி டாலருக்கு சிஸ்கோ வாங்கியது. ஆக, ஒரு கொள்முதலுக்குப் பயந்து ஓடியவர்கள் இரண்டு கொள்முதல்களுக்குள் போய் நின்றார்கள். ஆனால் கோட் ஜிபிஎல்லில் ஏற்கெனவே வெளியே இருந்தது. வாங்கியவர் நிறுத்தினாலும் வேறு யாராவது எடுத்து நடத்தலாம் என்ற நிலையில், நிறுத்துவதில் யாருக்கும் லாபமில்லை. இன்றும் அது வெளிவருகிறது.

அதற்காக அங்கே வலியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2010 ஏப்ரல் 15 அன்று, 0.94ம் அதற்கு முந்தையதுமான கிளாம்ஏவி பதிப்புகள் உலகம் முழுக்க ஒரே நாளில் செயலிழந்தன. காரணம் தாக்குதல் இல்லை. பழைய பதிப்பில் இருந்த ஒரு பிழையால் நீளமான சிக்னேச்சர்களைக் கொடுக்க முடியாமல் இருந்தது. அதனால் பழையவற்றை நிறுத்தும் சிக்னேச்சர் ஒன்றை நிர்வாகத்தினரே அனுப்பினார்கள். ஆறு மாதம் முன்பே அறிவித்திருந்தார்கள். ஸ்கேனர் பதில் சொல்லாவிட்டால் கடிதத்தை நிறுத்தி வை என்று அமைத்திருந்த சர்வர்களில் அன்று அஞ்சல் நகரவில்லை. அறிவிப்புப் பக்கத்தைப் படிக்காமல் விடுவது 2003லும் 2010லும் ஒரே மாதிரிதான் விலை கேட்டது.

இனி மாற்ற வேண்டியவை

ஸ்கேனரை அஞ்சல் சர்வரோடு நேரடியாக ஒட்டக் கூடாது. ரேவை நேராக இணைத்தவர்கள் இணைப்பையே திருப்பி எழுத வேண்டியிருந்தது. நடுவில் அமாவிஸ் வைத்திருந்தவர்களுக்கு வேலை சில வரி மாற்றத்தில் முடிந்தது. இன்று அஞ்சல் சர்வர் நடத்துபவர்கள் குறைவு. ஆனால் எண்ட்பாயிண்ட் ஏஜெண்ட் (ஒவ்வொரு கணினியிலும் ஓடும் பாதுகாப்பு மென்பொருள்), லாகின் சேவை, லாக் (செயல்பாட்டுப் பதிவு) சேகரிப்பு எல்லாவற்றிலும் இதே கேள்வி இருக்கிறது.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, நிறுவனமோ தொழில்நுட்பமோ கைமாறினால் என்ன நடக்கும் என்று தனியாக ஒரு பிரிவு கேட்டு வாங்க வேண்டும். ஆதரவு தொடரும் என்ற சொல் மட்டும் போதாது. சிக்னேச்சர் எத்தனை மணி நேரத்துக்குள் வரும், எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வரும், எந்தத் தேதிவரை வரும், வராவிட்டால் மிச்சப் பணம் எப்போது திரும்பும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். சின்ன நிறுவனங்கள் இதைக் கொடுக்கத் தயங்கும், ஏனென்றால் நாளைக்கு விற்கும்போது விலை குறையும். வாடிக்கையாளர் அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் அவர்கள் பேசத் தயாராக இருப்பார்கள், வாங்குபவர் வாசலில் நிற்கும்போது இல்லை.

அறிவிப்பு வந்த அன்றே மாற்று ஸ்கேனரைச் சோதனை சர்வரில் ஏற்றிவிடலாம். செலவு ஒரு பழைய கணினியும் இரண்டு நாள் வேலையும். பழைய ஒப்பந்தம் முடியும்வரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒன்று பிடித்து இன்னொன்று விட்டதைத் தினமும் லாகில் பார்க்க வேண்டும். பழைய ஸ்கேனரின் அப்டேட் இடைவெளி நீள ஆரம்பித்தால், ஒப்பந்தத் தேதிக்காகக் காத்திராமல் மாறிவிட வேண்டியதுதான்.